ஜெனரல் ஸ்டாஃப் என்றால் என்ன? ஃபீல்ட் மார்ஷல் பவுலஸை வைத்து ஒரு விளக்கம்

இரண்டாம் உலகப் போரைப் பற்றிப் புதிதாகப் படிக்க ஆரம்பிப்பவர்களுக்கு ஒரு இடத்தில் தலை சுற்றும். ஒரு ஜெர்மன் படைக்குத் தளபதி என்று ஒருவர் பெயர் இருக்கும். பக்கத்திலேயே 'ஸ்டாஃப் தலைவர்' என்று இன்னொருவர் பெயர் இருக்கும். இரண்டு பேருமே ஜெனரல்கள். இதில் யார் சொல்லை யார் கேட்கிறார்கள்? திட்டம் போட்டது யார்? தோற்றால் யார் தலை உருளும்?

இதைப் புரிந்துகொள்ள ஃப்ரீட்ரிஷ் பவுலஸின் வாழ்க்கையைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை. 1910-ல் ராணுவத்தில் சேர்ந்தார், 1943-ல் சோவியத் நகரமான ஸ்டாலின்கிராடில், ராணுவத்தின் உச்சப் பதவியான ஃபீல்ட் மார்ஷலாகப் பிடிபட்டார். இடைப்பட்ட 33 ஆண்டுகளில் அவர் ஒரு படையை நேரடியாக நடத்திய காலம் மிகக் கொஞ்சம். மற்றதெல்லாம் வரைபடம், பென்சில், டெலிபோன். முதல்தரமான ஸ்டாஃப் அதிகாரி ஒருவரைத் தளபதி நாற்காலியில் உட்கார வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு வரலாறு தந்த பதில் அவர்.

முதலில் ஜெனரல் ஸ்டாஃப் எப்படி வந்தது என்று பார்த்துவிடலாம். 1806-ல் யேனா போரில் நெப்போலியனிடம் பிரஷ்யா படுதோல்வி அடைந்தது. அரச குடும்பத்திலும் பிரபுக் குடும்பங்களிலும் பிறந்தவர்களே தளபதிகளாக இருந்த காலம் அது. பிறப்பால் பதவிக்கு வந்தவரை நீக்க முடியாது. ஆனால் அவருக்குப் பக்கத்தில் போர்க்கலையை முறையாகப் படித்த ஒருவரை வைக்கலாம் இல்லையா? ஷார்ன்ஹோர்ஸ்ட், க்னைசனாவ் போன்ற சீர்திருத்தக்காரர்கள் கடைசியில் அந்த ஏற்பாட்டுக்குத்தான் வந்து சேர்ந்தார்கள். 1810-ல் பெர்லினில் அதற்கென்றே ஒரு போர்ப் பள்ளி தொடங்கினார்கள். அங்கே தேறியவர்கள் கால்சட்டையில் கருஞ்சிவப்புப் பட்டை போட்டுக்கொள்வார்கள். தூரத்தில் வரும்போதே 'இவர் ஸ்டாஃப் ஆள்' என்று தெரிந்துவிடும்.

கல்யாண வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். பத்திரிகையில் பெரியவர் பெயர் இருக்கும், முடிவும் அவருடையதுதான். ஆனால் எத்தனை பேருக்கு இலை, எந்த வேன் எத்தனை மணிக்கு, அரிசி எங்கே இறங்குகிறது என்று நோட்டு வைத்துக்கொண்டு அலைகிறவர் வேறொருவர். அந்த நோட்டுக்காரர்தான் ஸ்டாஃப் தலைவர். ஒரு வித்தியாசம்: ஜெர்மன் வழக்கத்தில் இவர் வெறும் உதவியாளர் இல்லை. தளபதியோடு வாதாட வேண்டியது அவர் கடமை. தளபதி இல்லாத நேரத்தில் அவர் பெயரில் ஆணை கொடுக்கவும் முடியும்.

இந்த ஏற்பாடு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 1914 செப்டம்பரைப் பாருங்கள். ஜெர்மன் படைகள் பாரிஸை நெருங்கி மார்ன் ஆற்றங்கரையில் சண்டையிடுகின்றன. தலைமையகம் தள்ளி லக்ஸம்பர்கில் இருக்கிறது. முன்னால் என்ன நடக்கிறது என்று சரியாகத் தெரியவில்லை. ஜெனரல் ஸ்டாஃபின் தலைவர் மோல்ட்கே, ஹென்ட்ஷ் என்ற லெப்டினன்ட் கர்னலைக் காரில் ஏற்றி அனுப்புகிறார். ஒன்றாம் படையின் தலைமையகத்துக்கு வந்த ஹென்ட்ஷ், அதன் தளபதி க்ளூக்கைப் பார்க்கவே இல்லை. ஸ்டாஃப் தலைவர் கூல் என்பவரிடம் பேசினார், பின்வாங்குவது என்று முடிவானது, படை திரும்பியது. பாரிஸ் கைவிட்டுப் போனது. ஒரு லெப்டினன்ட் கர்னலும் ஒரு ஸ்டாஃப் தலைவரும் பேசி முடித்த விஷயம் அது. அதே ஆண்டு கிழக்கே டானன்பர்கில் வெற்றி கிடைத்தபோது புகழ் தளபதி ஹிண்டன்பர்குக்குப் போனது. மூளை ஸ்டாஃப் தலைவர் லூடன்டார்ஃப் என்பது ராணுவத்துக்குள் எல்லோருக்கும் தெரியும்.

சரி, இப்போது பவுலஸ்.

1890-ல் ஹெஸ்ஸன் பகுதியில் ஒரு சிற்றூரில் பிறந்தார். அப்பா அரசு நிறுவனம் ஒன்றில் கணக்கர். பையன் முதலில் கடற்படைக்கு முயன்றான். அந்தக் காலத்துக் கடற்படை குடும்பப் பின்னணியைப் பார்க்கும், இடம் கிடைக்கவில்லை. மார்பர்கில் கொஞ்ச காலம் சட்டம் படித்துவிட்டு 1910-ல் பாடன் காலாட்படை ரெஜிமென்ட் ஒன்றில் பயிற்சி அதிகாரியாகச் சேர்ந்தார். பல புத்தகங்களில் 'ஃபான் பவுலஸ்' என்று போட்டிருப்பார்கள். அது தவறு. 'ஃபான்' பிரபுக் குடும்பத்தின் அடையாளம். அவருக்கு அது கிடையாது. ஆனால் ஆள் நடை உடை பாவனையில் பிரபுக்களையே மிஞ்சுவார். ஆறடிக்கு மேல் உயரம், மடிப்புக் கலையாத சீருடை, கையுறை. 1912-ல் அவர் திருமணம் செய்துகொண்ட எலேனா ருமேனியப் பிரபுக் குடும்பத்துப் பெண். வீட்டில் அவரைக் 'கோக்கா' என்று அழைப்பார்கள்.

முதல் உலகப் போரில் பிரான்ஸ் எல்லையில் தன் ரெஜிமென்டோடு போனார். அப்புறம் சீக்கிரமே ஸ்டாஃப் வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். ஆல்பைன் கோர் என்ற மலைப்படையின் அலுவலகத்தில் இருந்து வெர்டன், பால்கன் என்று சுற்றினார். போர் முடியும்போது கேப்டன். வீரதீரச் செயல் என்று சொல்ல அவர் கணக்கில் பெரிதாக ஒன்றும் இல்லை. பின்னால் புகழ்பெற்ற தளபதியான ரோம்மெல் அதே போரில் மலை மேல் ஏறி ஆயிரக்கணக்கான இத்தாலியர்களைப் பிடித்துக்கொண்டு வந்தவர். இரண்டு பேரும் பின்னால் ஷ்டுட்கார்ட்டில் ஒரே ரெஜிமென்டில் ஆளுக்கொரு கம்பெனியை நடத்தினார்கள்.

போர் முடிந்ததும் பெரும்பாலான ஜெர்மன் அதிகாரிகளுக்கு வேலை போனது. வெர்சாய் ஒப்பந்தத்தின்படி ஜெர்மன் ராணுவம் 1,00,000 பேருக்கு மேல் இருக்கக் கூடாது. அதில் அதிகாரிகள் 4,000 பேர்தான். ஜெனரல் ஸ்டாஃப் என்ற அமைப்பே கூடாது என்றும் தடை. ஜெர்மானியர்கள் பெயரை மாற்றி, ஒரு சாதாரண அலுவலகம் போல் காட்டி அதையே தொடர்ந்து நடத்தினார்கள். அந்த 4,000 பேரைத் தேர்ந்தெடுத்தபோது படித்த ஸ்டாஃப் ஆட்களுக்கு முன்னுரிமை கிடைத்தது. பவுலஸ் உள்ளே நின்றுவிட்டதன் ரகசியம் இதுதான்.

உள்ளே நின்றாலும் மேலே போக வழி இல்லை. சின்ன ராணுவத்தில் பதவிகளும் குறைவு. பவுலஸ் பத்து ஆண்டுக்கு மேல் கேப்டனாகவே இருந்தார். 1935-ல் ஹிட்லர் கட்டாய ராணுவச் சேவையைக் கொண்டுவந்து ராணுவத்தைப் பல மடங்கு பெருக்கியதும் நிலைமை தலைகீழானது. அதே ஆண்டு கர்னல். 1939-ல் மேஜர் ஜெனரல். 1943-ல் ஃபீல்ட் மார்ஷல். கேப்டனாக உட்கார்ந்திருந்த காலத்தில் பாதிகூட ஆகாமல், கீழ்நிலை ஜெனரல் ஒருவர் ராணுவத்தின் உச்சிக்குப் போய்விட்டார். அந்தத் தலைமுறை ஜெர்மன் ஜெனரல்கள் பலருடைய கதையும் ஏறத்தாழ இப்படித்தான்: நீண்ட தேக்கம், பிறகு மூச்சு முட்டும் வேகம். ஒவ்வொரு படியிலும் நின்று பழக நேரம் இருக்கவில்லை.

பவுலஸ் விஷயத்தில் இந்த இடைவெளி ரொம்பப் பெரியது. ராணுவத்தில் அடுக்கு சிறியதிலிருந்து பெரியதாக இப்படிப் போகும்: கம்பெனி, பட்டாலியன், ரெஜிமென்ட், டிவிஷன், கோர், ஆர்மி. பவுலஸ் ஒரு கம்பெனியை நடத்தியிருக்கிறார். 1934-35-ல் பெர்லினுக்குப் பக்கத்தில் மோட்டார் வாகனப் பட்டாலியன் ஒன்றை நடத்தினார். அவ்வளவுதான். ரெஜிமென்ட் இல்லை, டிவிஷன் இல்லை, கோர் இல்லை. 1920-களிலேயே அவரைப் பற்றிய மதிப்பீட்டில் 'தீர்மானம் எடுக்கும் உறுதி போதாது' என்ற அர்த்தத்தில் ஒரு குறிப்பு எழுதியிருந்தார்கள். டாங்கிப் படைகளின் தந்தை என்று சொல்லப்படும் குடேரியனுக்கு அவர் ஸ்டாஃப் தலைவராக இருந்தவர். அறிவையும் உழைப்பையும் குடேரியன் பாராட்டினார், தளபதியாக நிமிர்ந்து நிற்பாரா என்பதில் அவருக்கும் சந்தேகம் இருந்தது.

1939-ல் கிடைத்த ஜோடிதான் அவருக்கு மிகவும் பொருந்திய ஜோடி. தளபதி வால்டர் ஃபான் ரைஷனாவ். முரட்டு ஆள், விளையாட்டு வீரர், நாஜிகளுக்கு வெளிப்படையாக ஆதரவு தெரிவித்தவர், மேசை வேலை என்றால் காத தூரம் ஓடுவார். முன்னணியில் வீரர்களோடு சுற்றிக்கொண்டிருப்பார். பின்னால் பவுலஸ் இரவு முழுக்க விளக்கைப் போட்டுக்கொண்டு, எந்த டிவிஷன் எந்தச் சாலையில் எத்தனை மணிக்கு என்று கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார். போலந்து, அப்புறம் பெல்ஜியம், பிரான்ஸ். இந்தப் படைதான் பிறகு பெயர் பெற்ற 6-ஆம் படை. ஒருவரிடம் இல்லாதது மற்றவரிடம் இருந்தது. இந்த முறை நல்லபடி வேலை செய்தால் எப்படி இருக்கும் என்பதற்கு இதுவே மாதிரி.

1940 செப்டம்பரில் பவுலஸை ராணுவத் தலைமையகத்துக்கு அழைத்துக்கொண்டார்கள். ராணுவத் தலைமை ஸ்டாஃபின் தலைவர் ஹால்டருக்கு அடுத்த இடம். கொடுத்த வேலை: சோவியத் ரஷ்யா மீதான படையெடுப்புத் திட்டத்தைச் செதுக்குவது. டிசம்பரில் வரைபடத்தின் மேல் போர் ஒத்திகை நடத்தினார். தூரம் கூடக்கூட சப்ளை திணறும் என்பது ஒத்திகையிலேயே தெரிந்தது. அவரிடம் மாற்றுக் கருத்து ஏதாவது இருந்திருந்தாலும் அது வேலையை நிறுத்தவில்லை. இந்தப் போர் நியாயமில்லை என்று கோக்கா வீட்டில் சொன்னதாகவும், அது அரசியல்வாதிகள் முடிவு செய்ய வேண்டியது என்று இவர் பதில் சொன்னதாகவும் குடும்பத்தில் சொல்வார்கள். ஸ்டாஃப் அதிகாரியின் மனநிலையை இதைவிடச் சுருக்கமாகக் காட்ட முடியாது. கேள்வி 'எப்படி' என்பதோடு நின்றுவிடும். 'ஏன்' என்பது அடுத்த அறைக்காரர் வேலை.

அந்த அடுத்த அறையில் என்ன நடந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். 1941 செப்டம்பரில் கீவ் நகருக்கு வெளியே பாபி யார் பள்ளத்தில் இரண்டே நாளில் 33,771 யூதர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அது 6-ஆம் படையின் பகுதி. அக்டோபரில் ரைஷனாவ் யூதர்கள் மீதான கொடுமையை நியாயப்படுத்தி ஓர் ஆணையே வெளியிட்டார். பின்னால் பொறுப்புக்கு வந்த பவுலஸ் அந்த ஆணையை விலக்கினார் என்று வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகிறார்கள். இருக்கலாம். ஆனால் அந்தப் படைகளைக் கீவ் வரை கொண்டுபோய்ச் சேர்த்த திட்டம் அவர் மேசையில் உருவானது. கணக்குப் போட்டவருக்குப் பங்கே இல்லை என்ற வாதம் எனக்கு ஏறவில்லை.

1942 ஜனவரியில் பவுலஸ் 6-ஆம் படையின் தளபதியானார். ரைஷனாவ் அதற்குள் மேலே, பல ஆர்மிகள் சேர்ந்த ஓர் ஆர்மி குரூப்புக்குப் போயிருந்தார்; அதே மாதம் பக்கவாதம் தாக்கி இறந்தும் போனார். பட்டாலியனிலிருந்து ஒரே தாவலில் இரண்டு, மூன்று லட்சம் பேர் கொண்ட படைக்கு, அதாவது ஓர் ஆர்மிக்கு! மே மாதம் கார்க்கிவ் அருகே சோவியத் தாக்குதல் வந்தபோது தடுமாறினாலும் தாக்குப்பிடித்தார், வென்றார், பதக்கமும் வாங்கினார். ஆகஸ்ட் 23 அன்று அவர் படையின் டாங்கிகள் ஸ்டாலின்கிராடுக்கு வடக்கே வோல்கா நதியைத் தொட்டன. அதே நாள் விமானங்கள் நகரத்தைக் குண்டு போட்டுத் தரைமட்டமாக்கின. பிறகு இடிபாடுகளுக்குள் வீடு வீடாக, மாடி மாடியாகச் சண்டை. நவம்பர் நடுவில் நகரத்தின் பெரும்பகுதி ஜெர்மானியர் கையில்.

நவம்பர் 19, 20 தேதிகளில் சோவியத் படைகள் நகரத்தைத் தொடாமல், அதற்கு வடமேற்கிலும் தெற்கிலும் இருந்த ருமேனியப் படைகளை உடைத்துக்கொண்டு வந்தன. 23-ஆம் தேதி கலாச் என்ற ஊருக்கு அருகே இரண்டு கரங்களும் சந்தித்தன. உள்ளே 2.5 லட்சம் பேருக்கு மேல் மாட்டிக்கொண்டார்கள்.

இங்கேதான் தளபதிக்கும் ஸ்டாஃப் அதிகாரிக்கும் உள்ள வித்தியாசம் முழுசாக வெளிப்படுகிறது, கொஞ்சம் நின்று பார்க்கலாம். வளையம் இறுகுவதற்குள் உடைத்துக்கொண்டு வெளியேற வேண்டும் என்று பவுலஸுக்கே தோன்றியது. சுயமாக முடிவெடுக்கும் சுதந்திரம் வேண்டும் என்று ரேடியோவில் கேட்டார். ஹிட்லர் மறுத்தார், அங்கேயே நில்லுங்கள், விமானத்தில் எல்லாம் வரும் என்றார். விமானப்படைத் தலைவர் கோரிங் அப்படி வாக்குக் கொடுத்திருந்தார். நாளுக்கு 300 டன்னாவது வேண்டும் என்பது கணக்கு. வந்தது சராசரியாக 100 டன்னை ஒட்டித்தான். எண்களோடு வாழ்ந்த ஒருவருக்கு இந்தக் கழித்தல் கணக்குப் புரியாமல் இருந்திருக்காது.

அவருக்குக் கீழே இருந்த கோர் தளபதி ஸைட்லிட்ஸ் நவம்பர் 25 அன்று ஒரு கடிதம் எழுதினார்: ஆணை வரும் என்று காத்திராதீர்கள், படையைக் காப்பாற்றுவதுதான் நம் கடமை, உடனே வெளியேறுங்கள். பழைய பிரஷ்ய மரபில் இதற்கு இடம் உண்டு. களத்தில் நிற்பவர் மேலிடத்தை மீறி முடிவெடுத்து வென்ற கதைகளைப் பாடத்திலேயே சொல்லித்தருவார்கள். பவுலஸ் ஏற்கவில்லை. மேலே இருப்பவர்களுக்கு முழுப் படமும் தெரியும், நமக்குத் தெரிவது ஒரு மூலைதான் என்பது அவர் நிலை. ஸ்டாஃப் அறையில் இது மிகச் சரியான பாடம். வளையத்துக்குள் அதுவே கழுத்தை இறுக்கியது.

பக்கத்தில் இருந்த ஸ்டாஃப் தலைவர் யார் என்பதும் முக்கியம். ஆர்தர் ஷ்மிட்: பிடிவாதக்காரர், குரல் உயர்ந்தவர், ஆணையை மீறக் கூடாது என்பதில் இரும்பு. ரைஷனாவுக்கு பவுலஸ் கிடைத்தது போல பவுலஸுக்கு அவரிடம் இல்லாததைத் தரும் ஒருவர் கிடைத்திருந்தால்? எதிர்மாறான குணம் கொண்டவர்தான் கிடைத்தார், ஆனால் தள்ளியது எதிர்த் திசையில். பல நேரங்களில் படையை நடத்துவது ஷ்மிட்தான் என்று கூட இருந்தவர்கள் பலர் எண்ணினார்கள்.

டிசம்பர் 12 அன்று வெளியிலிருந்து ஜெர்மன் ஃபீல்ட் மார்ஷல் மான்ஸ்டைனின் படை வளையத்தை உடைக்கக் கிளம்பியது. சுமார் 50 கிலோமீட்டர் வரை நெருங்கியது. உள்ளே டாங்கிகளுக்கு 30 கிலோமீட்டர் ஓடத்தான் எரிபொருள். வெளியேறு என்று மான்ஸ்டைன் நேரடி ஆணை தரவில்லை. ஆணை இல்லாமல் பவுலஸ் நகரவில்லை. ஹிட்லர் இரண்டு பேருக்கும் அனுமதி தரவில்லை. மூன்று பேரில் யார் மேல் பழி என்று இன்றைக்கும் சண்டை ஓயவில்லை. என்னைக் கேட்டால், டிசம்பரில் கிளம்பியிருந்தாலும் பெரும்பாலோர் பனியில் செத்திருப்பார்கள். உருப்படியான வாய்ப்பு இருந்தது நவம்பர் கடைசி வாரத்தில்.

அப்புறம் நடந்தது வேகமாக நடந்தது. குதிரைகளைத் தின்றார்கள், தீர்ந்தது. ஜனவரி 8 அன்று வந்த சரணடையும் அழைப்பை நிராகரித்தார்கள். 10-ஆம் தேதி இறுதித் தாக்குதல். 16-ஆம் தேதி பிட்டோம்னிக் விமானத்தளம் போனது, ஒரு வாரத்தில் கும்ராக்கும் போனது. காயம்பட்டவர்களுக்குக் கட்டுப்போடத் துணிகூட இல்லை, சரணடைய அனுமதியுங்கள் என்று பவுலஸ் கேட்டார். ஹிட்லர் மறுத்தார். ஜனவரி 30 அன்று பதவி உயர்வு ஒன்றை மட்டும் அனுப்பினார்: ஃபீல்ட் மார்ஷல். அதுவரை ஜெர்மன் ஃபீல்ட் மார்ஷல் யாரும் எதிரியிடம் உயிரோடு பிடிபட்டதில்லை. துப்பாக்கியை எடுத்து முடித்துக்கொள் என்பதுதான் அந்தப் பட்டத்தின் பொருள்.

பவுலஸ் அதைச் செய்யவில்லை. மறுநாள் காலை, உனிவெர்மாக் என்ற டிபார்ட்மென்ட் ஸ்டோரின் அடித்தளத்தில் பிடிபட்டார். அந்தக் காட்சியைக் கொஞ்சம் கவனியுங்கள். முதலில் இறங்கி வந்தவர் இல்சென்கோ என்ற இளம் சோவியத் லெப்டினன்ட். பேச்சுவார்த்தை நடத்தியவர்கள் ஷ்மிட்டும், ரோஸ்கே என்ற டிவிஷன் தளபதியும். எதிர்த் தரப்பில் பிறகு வந்து பேசியவர் 64-ஆம் படையின் ஸ்டாஃப் தலைவர் லாஸ்கின். பவுலஸ் பக்கத்து அறையில் கட்டிலில் இருந்தார். வடக்குப் பகுதியில் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருந்த தன் ஆட்களுக்குச் சரணடையச் சொல்லி ஆணை தரவும் மறுத்தார்: அவர்கள் இப்போது தன் பொறுப்பில் இல்லையாம். அவர்கள் பிப்ரவரி 2 அன்று தாங்களாகவே ஆயுதத்தைக் கீழே வைத்தார்கள். சுமார் 91,000 பேர் கைதானார்கள். ஊர் திரும்பியவர்கள் 5,000, 6,000 பேர்தான்.

சிறை முகாமில் ஸைட்லிட்ஸ் ஹிட்லருக்கு எதிரான அதிகாரிகள் சங்கத்தை ஆரம்பித்தபோது பவுலஸ் சேர மறுத்தார். 1944 ஜூலை 20-ல் ஹிட்லரைக் கொல்ல நடந்த முயற்சி தோற்றது. அதில் சிக்கிய ஃபீல்ட் மார்ஷல் விட்ஸ்லேபனை ஆகஸ்ட் 8 அன்று பெர்லினில் தூக்கில் போட்டார்கள். அதே நாள்தான் பவுலஸ் ரேடியோவில் ஹிட்லருக்கு எதிராகப் பேசினார். ஜெர்மனியில் அவர் குடும்பத்தைப் பிடித்துக் காவலில் வைத்தார்கள். மகன்களில் ஒருவர் அந்த ஆண்டு பிப்ரவரியிலேயே இத்தாலியில் அன்ஸியோ போரில் இறந்திருந்தார். கோக்கா 1949-ல் இறந்தார். 1942-க்குப் பிறகு கணவரைப் பார்க்கவே இல்லை.

1946 பிப்ரவரி 11 அன்று, நாஜித் தலைவர்களை விசாரித்த நூரம்பர்க் நீதிமன்றத்தில் சோவியத் தரப்பு திடீரென்று பவுலஸைச் சாட்சிக் கூண்டில் ஏற்றியது. அங்கே அவரிடம் கேட்டதெல்லாம் ஸ்டாலின்கிராடைவிட அதிகமாக 1940-ஐப் பற்றித்தான்: படையெடுப்பு எப்போது திட்டமிடப்பட்டது, யார் யார் இருந்தார்கள், ஒத்திகை எப்படி நடந்தது. தன் பழைய வேலையைத் தேதி வாரியாக, தெளிவாக ஒப்பித்தார். தற்காப்புப் போர் என்ற ஜெர்மன் தரப்பு வாதத்தை அது நொறுக்கியது.

1953-ல் விடுதலையாகி கிழக்கு ஜெர்மனியின் டிரெஸ்டனில் குடியேறினார். அங்கேயும் வேலை அதேதான்: ராணுவ அதிகாரிகளுக்கு வகுப்பு, ஸ்டாலின்கிராட் பற்றிய ஆவணங்களைச் சேகரித்து, தான் ஏன் வளையத்தை உடைத்துக்கொண்டு வர முடியவில்லை என்று வரைபடத்தோடு விளக்குவது. 1957 பிப்ரவரி 1 அன்று இறந்தார். சோவியத் தரப்போடு ஒத்துழைக்க மறுத்த ஷ்மிட்டை 1955-ல்தான் விட்டார்கள். அவர் மேற்கு ஜெர்மனிக்குப் போய், தன் தளபதியைவிட 30 ஆண்டு கூடுதலாக, 1987 வரை இருந்தார்.